சேதி அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். நெருக்கியடித்து உட்காரும் பெண்களில் பாதிப் பேர் ஒரே தெரு, மீதிப் பேர் சொந்தபந்தம். 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டிப் போடிமெட்டு வருவதற்குள் ஊர்ச் சேதி மொத்தமும் அலசப்பட்டிருக்கும். "நேத்து ஏன்க்கா வேலைக்கு வரல?" என்று ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்பாள். மகனைக் கூட்டிக்கொண்டு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கப் போனவள் என்ன பதில் சொல்வாள்? ஒரு நாள் கூலியும் போய், ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எச்.ஐ.வி.யுடன் வளரும் பதின்வயதுப் பிள்ளைகளின் ஆதரவுக் குழுவில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறவர்கள் முதலில் இந்த ஜீப்பை மனதில் வைக்க வேண்டும். நாம் அன்பாகப் பேசுவதை விட, வெளியே பேசாமல் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் உதவி.

மாத்திரை டப்பாவின் சத்தம்

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிறப்பின்போதோ தாய்ப்பால் வழியாகவோ தொற்று வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இந்தச் சிகிச்சை வருவதற்கு முன் பல குழந்தைகள் பள்ளி வயதைக்கூடத் தொடவில்லை. இன்று பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்.

சிக்கல் பதிமூன்று, பதினான்கு வயதில் வருகிறது. அதுவரை 'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை நம்பாது. ஹாஸ்டலில் டப்பாவை எடுத்தால் கலகல என்று சத்தம் வரும். பக்கத்துப் பையன் திரும்பிப் பார்ப்பான். அதனால் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து வைக்கிற பிள்ளைகள் உண்டு. அதுவும் முடியாதபோது மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அந்த மருந்து பிறகு வேலை செய்யாது. ஆதரவுக் குழுவில் அதே வயதுப் பிள்ளை ஒன்று, "நானும் அப்படித்தான் ஒளிச்சு வச்சேன்" என்று சொல்வது, நம்முடைய பத்து அறிவுரைக்குச் சமம்.

சட்டம் தரும் உரிமை

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

• பள்ளியில் சேர்க்க மறுப்பதும் தனியே உட்கார வைப்பதும் இந்தச் சட்டம் தடை செய்யும் பாகுபாடு. மருத்துவமனை, வேலை, வாடகை வீடு எதிலும் இதே விதிதான்.

• சம்மதமின்றிப் பரிசோதனை கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை.

• நம்பிச் சொன்ன ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. தன்னார்வலரும் இதற்குக் கட்டுப்பட்டவரே.

• பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும், முதிர்ச்சியுள்ள 12 முதல் 18 வயதுக்குள்ளான அக்காவோ அண்ணனோ, தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக இருந்து அவர்களைப் பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம், வங்கிக் கணக்கைக் கையாளலாம். அம்மா மலையில் இருக்க, வீட்டைத் தாங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய பிடிமானம்.

தன்னார்வலர் தவறும் இடங்கள்

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழுவின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினக் கூட்டத்தில் பிள்ளைகளோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். முகத்தை மறைத்தாலும் சட்டையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிற ஊர் இது.

பிள்ளைக்கு இன்னும் விஷயம் தெரியாது என்றால் நீங்கள் உடைக்காதீர்கள். வயதுக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் இருக்கிறார்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம் விதிக்கும் கடமை. "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி கேட்பேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

உரிமை மறுக்கப்பட்டால்

2019-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள மாணவனுக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே மறுப்பைச் சும்மா விட வேண்டியதில்லை.

முதலில் மறுத்த பள்ளியிடமோ மருத்துவமனையிடமோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம். சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம்; அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரமென்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மீறினால் அபராதம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றத்தில் பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் கேட்கலாம். இலவச வழக்கறிஞர் உதவிக்கு 15100, எச்.ஐ.வி. ஆலோசனைக்கு 1097, குழந்தைகள் ஆபத்துக்கு 1098. புகார் கொடுப்பதா என்பதைப் பிள்ளையும் குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் கூட நடப்பவர்கள்.

குழுவில் உங்களோடு கலகலப்பாகப் பேசிய பையன், மறுநாள் போடி பஸ் ஸ்டாண்டில் நண்பர்களோடு எதிரே வருவான். கையை அசைக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவன் சிரித்தால் சிரியுங்கள். பார்க்காதது போலப் போனால் நீங்களும் போய்விடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவன் கட்டாயம் வருவான்.