பெரிய ரிம்முக்கு மலிவான டயர்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு. ஈப்போவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தாப்பாவைத் தாண்டியதும் கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. சற்று நேரத்தில் பின்பக்கம் இடதுபுறம் தாழ, அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். பின்னிருக்கையில் இருந்த அம்மாவையும் நான்கு வயது மகளையும் என் மனைவி தடுப்புக் கம்பிக்கு அப்பால் அழைத்துப் போனாள். லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் ஆடியது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். டயரின் பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

என்னுடையது 1.5 மைவி. அதனுடன் வந்தது 15 அங்குல ரிம். அதைக் கொடுத்துவிட்டு 17 அங்குல ஸ்போர்ட் ரிம் மாட்டியது என் ஆசை. பழைய டயர்களோடு சேர்த்து மலிவாகக் கிடைத்தது. “கோடெல்லாம் இன்னும் ஆழமா இருக்கு, இரண்டு வருஷம் ஓடும்” என்றார் விற்றவர். நானும் கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

பண்டிகை முடிந்து கிள்ளானில் வழக்கமாகப் போகும் பட்டறைக்குச் சென்றேன். அங்குள்ள அண்ணன் கிழிந்த டயரைத் திருப்பி, உட்பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1614.

“2014ஆம் வருஷம், பதினாறாவது வாரம் செஞ்சது தம்பி. கோடு தேயாம இருக்கலாம், ரப்பருக்கு வயசாயிடுச்சே.”

அந்தத் தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் மாட்டிய பிறகு நம் கண்ணில் படாது. பழைய டயர் என்றால் வயது மட்டுமல்ல, முன்பு எந்தக் குழியில் அடிபட்டது, உள்ளே எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதும் தெரியாது.

ஆனால் வயது மட்டுமே காரணமல்ல என்றும் அவர் விளக்கினார். என் காரின் அசல் டயர் 185/55 ஆர்15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. அப்படியானால் சுவர் ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். நான் மாட்டியிருந்த 205/40 ஆர்17 டயரில் அது 82 மட்டுமே. குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 2 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. ரிம் பெரிதாகும்போது சுவர் குட்டையாவதைத் தவிர்க்க முடியாது. சுவரை உயர்த்தி 205/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் அசலைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் கூடும். மீட்டர் காட்டுவதைவிட வேகமாக ஓடுவோம், ஆள் நிறைய ஏறினால் டயர் உள்ளே உரசும். மொத்த விட்டம் அசலிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்பதே பட்டறைகளில் சொல்லும் கணக்கு.

அடுத்தது எடை. அளவுக்குப் பக்கத்தில் 82, 84 என ஓர் எண் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ, 81 என்றால் 462. என் அசல் டயர் 82. இன்னும் மலிவாகக் கிடைத்த 195/40 ஆர்17 டயரில் 81 என்றிருந்தது. விட்டம் சரியாகப் பொருந்தினாலும் அசலைவிடக் குறைவாகத் தாங்கும் டயரை வாங்கக்கூடாது என்றார் அண்ணன். ‘எக்ஸ்எல்’ என்று எழுதியிருந்தால் அது கூடுதல் எடைக்கான டயர். ஆனால் அந்த எடையைத் தாங்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்தக் கணக்கு அசல் அளவுக்குரியது. அளவை மாற்றினால் எவ்வளவு காற்று என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு விலைக்கு வந்தோம். ஒரே தயாரிப்பாளரின் புதிய டயருக்கு அன்று அந்தக் கடையில் சொன்ன விலை: 17 அங்குலம் 310 ரிங்கிட், 16 அங்குலம் 250, 15 அங்குலம் 220. நான்குக்கும் சேர்த்தால் 1,240, 1,000, 880. கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம்.

“பழைய 17 டயரே நாலு போட்டா 400 ரிங்கிட்டில் முடிஞ்சிடுமே அண்ணே?”

“முடியும் தம்பி. அடுத்த குழி வரைக்கும்.”

அந்தப் பதிலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரிய ரிம்மின் விலை, அதை வாங்கிய அன்று கொடுத்ததோடு முடிவதில்லை. டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைக் கட்டியாக வேண்டும். கட்ட முடியாதபோது நாம் டயரின் தரத்தைக் குறைக்கிறோம். குறைக்க வேண்டியது அங்குலத்தை.

17 அங்குல ரிம்களைக் கடையிலேயே கொடுத்து, பழைய 16 அங்குல ரிம்களுக்கு மாற்றிக்கொண்டேன். ரிம் பழையதாக இருக்கலாம். வளைவு, விரிசல் இருக்கிறதா என்று இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்துவிடலாம். டயரை அப்படிச் சோதிக்க முடியாது. டயர் மட்டும் புதிது: 195/45 ஆர்16, எண் 84. இதே அளவில் 80 என்ற எண்ணோடும் விற்கிறார்கள், அதனால் பார்த்து வாங்கினேன். சுவர் 88 மில்லிமீட்டர். மொத்த விட்டம் அசலோடு அரை விழுக்காடுகூட வேறுபடவில்லை. வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் இரண்டிரண்டாக வாங்கலாம். புதிய இரண்டைப் பின்பக்கம் மாட்டுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் சரி. மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரை மீட்பது கடினம். கோட்டின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. நம் ஊர் மழைக்கு, அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

கிழியாத மற்ற மூன்று டயர்களையும் ஒன்று 50 ரிங்கிட் என்று எடுத்துக்கொள்ள ஒருவர் கேட்டார். 150 ரிங்கிட். அன்று எனக்கு அது சிறிய தொகையல்ல. ஆனால் அவை இன்னொருவர் காரில், அவருடைய அம்மாவும் பிள்ளையும் உட்காரும் காரில் ஏறும். மூன்றையும் கழிவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.