கடலில் மூழ்குதலும் மலையில் ஏறுதலும்

தென்பாண்டிக் கடற்கரையில் முத்துக் குளித்தல் தொன்றுதொட்டு நடைபெற்ற தொழில் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். தூத்துக்குடிச் சலாபத்தில் மூழ்கியவர்கள் ஒரு கல்லைத் துணையாகக் கொண்டு, மூச்சை அடக்கிக் கீழே சென்று, சிப்பிகளுடன் மேலே வந்தனர். அச்சலாபம் 1961-ஆம் ஆண்டுடன் ஓய்ந்தது. இக்காலத்தில் இன்பப் பொழுதுபோக்காகக் கடலில் மூழ்குவோர் மூச்சை அடக்குவதில்லை. அமுக்கிய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, நீரினுள்ளேயே சுவாசிக்கின்றனர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தினரான கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த கருவியே இதற்கு வழி திறந்தது. ஸ்கூபா என வழங்கும் இம்முறையைப் புதுச்சேரியிலும் அந்தமானிலும் கற்பிக்கின்றனர். விடுமுறை நாட்களில் இதனைக் கற்க விரும்பும் மாணாக்கர் பலராதலின், எந்த ஸ்தாபனத்தின் பயிற்சியைத் தெரிந்தெடுத்தல் நன்று என்பதை ஈண்டு ஆராய்வோம். ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைச் சாரலிலும் வாழ்வோருக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. அதனையும் பின்னர்க் காண்போம்.

முதலாவது, பயிற்சி எதற்கு? முத்துக் குளிப்பவர் கரையிற் கொண்ட மூச்சையே கீழே கொண்டுசென்றார். மேலே வரும்போது அது பழைய அளவையே அடைந்தது. உருளையிலிருந்து சுவாசிப்பவரின் நிலை வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தினும் இருமடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, மூச்சை அடக்கியபடியே மேலே வருவானாயின், அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆதலின் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது என்பதே இவ்வித்தையின் முதற் பாடம்.

இப்பாடத்தைக் கற்பிக்கும் ஸ்தாபனங்கள் பல. 1953-இல் பிரிட்டனில் தோன்றிய பி.எஸ்.ஏ.சி., 1959-இல் பல தேசத்துச் சங்கங்கள் கூடி அமைத்த சி.எம்.ஏ.எஸ்., அமெரிக்காவில் 1966-இல் தோன்றிய பாடி, 1970-இல் தோன்றிய எஸ்.எஸ்.ஐ. ஆகியன பேர் பெற்றவை. நாவி என்னும் மற்றொன்றும் உண்டு. பாடி, எஸ்.எஸ்.ஐ. இரண்டிலும் முதற்படி தேறியவர் 18 மீட்டர் வரை செல்லலாம், பி.எஸ்.ஏ.சி.யின் முதற்படியில் எல்லை 20 மீட்டர். சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் இப்பயிற்சிக்கு விதித்த பொது அளவைகளும் உள்ளன. ஆகவே முதற்படிப் பாடத்தின் உள்ளீடு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் அத்தாட்சியைப் பெற்றவரை மற்றொன்றைச் சார்ந்த நிலையத்தாரும் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றனர்.

வேற்றுமை கற்பிக்கும் முறையிலேயே உள்ளது. பி.எஸ்.ஏ.சி. சங்க அங்கத்தினர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் வழக்கில் வளர்ந்தது. பாடியில் தேர்ச்சிக்குரிய பாடங்கள் வரையறுக்கப்பட்டவை; அவற்றை முடித்தவனிடம் ஆசிரியர் அதற்குமேல் ஒன்றைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாகக் கேட்க இயலாது. நாவியிலோ, தேவையென்று தோன்றினால் மிகுதியாகக் கேட்க ஆசிரியருக்கு உரிமையுண்டு. முந்தையதில் ஒழுங்கு மிகுதி. பிந்தையதில் ஆசிரியரின் பொறுப்பு மிகுதி. எனவே எந்தப் பெயர் பெரிது என்று வினவுவதினும், யார் கற்பிக்கிறார் என்று வினவுவதே அறிவுடைமை. ஒரே கழகத்தில் ஒரே பாடபுத்தகத்தை இரு ஆசிரியர் நடத்தினும் பயன் ஒன்றாவதில்லையன்றோ?

வினவவேண்டியவை சில. கடலில் ஓர் ஆசிரியருடன் எத்தனை மாணாக்கர் இறங்குவர்? எட்டுக்கு மேற்படலாகாது, நால்வராயின் மிக நன்று. கடலுக்கு முன் ஆழமற்ற நீரில் எத்தனை மணி நேரம் அப்பியாசம்? கடலில் நான்கு முறையேனும் மூழ்குதல் உண்டா? நீந்தும் திறனைச் சோதிக்கின்றனரா? 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிஷம் மிதக்கவும் கேட்பது வழக்கம். ஆஸ்துமா, காது நோய், இருதய நோய் குறித்த வினாப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கின்றனரா, அன்றி வெறுங் கையொப்பம் வாங்குகின்றனரா? இவற்றுக்கு விடை கூறத் தயங்குமிடத்தில் கட்டணம் குறைவாயினும் சேரலாகாது.

இனி, மலைவாழ்வோரின் கவலைக்கு வருவோம். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது சுவாசத்தின் வழியே சிறிது சிறிதாக வெளியேறும். அழுத்தம் திடீரெனக் குறைந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்தாற் போலக் குமிழிகள் எழும்பும். மூட்டு வலி, மரமரப்பு, சில வேளைகளில் பக்கவாதமும் இதனால் விளையும். படிப்படியாக மேலே வரும் கணக்கை 1908-இல் ஹால்டேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். கரையேறிய பின்னும் உடலில் மிகுதி நைட்ரஜன் பல மணி நேரம் தங்கும் என்பதை மறத்தலாகாது.

ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கே. காலையில் புதுச்சேரிக் கடலில் மூழ்கிய மாணவன் மாலையில் சேலம் வந்து, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வீடு சேர்தல் இயலும். அவன் உடலுக்கோ அது ஆகாய விமானம் ஏறியதற்கு ஒப்பாகும். மூழ்குவோர் நலம் பேணும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் ஸ்தாபனம், ஒருமுறை மட்டும் மூழ்கியவர் விமானமேறுமுன் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்கவேண்டும் என அறிவுறுத்துகிறது. ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர் வரையுள்ள உயரத்துக்குரிய இக்கணக்கில் ஏற்காடும் அடங்கும். பயிற்சி முடித்து நண்பகல் 12 மணிக்குக் கடைசியாகக் கரையேறியவன், மறுநாட் காலை 6 மணிக்கு முன் மலையேறலாகாது. ஓரிரவு சமவெளியில் தங்குவதே தக்கது. வழியில் வலி தோன்றினால் மேலே செல்லாது, உடனே வைத்தியரை நாடிப் பிராணவாயு பெறவேண்டும்.

ஏற்காட்டு ஏரி படகு விடுவதற்கு உரியதேயன்றி, மூழ்கும் பயிற்சிக்கு உரியதன்று. எனினும் பிற தேசங்களில் மலையேரிகளில் மூழ்குவோர் உளர். 300 மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்கெனப் பாடி தனிப் பாடமே வைத்துள்ளது. ஏற்காட்டின் உயரத்தில் 15 மீட்டர் ஆழம், அட்டவணைக் கணக்கில் கடலின் 18 மீட்டருக்கு ஒப்பாகும். கடலுக்கு வரைந்த அட்டவணையை அப்படியே மலையில் கொள்வது எத்துணை அபாயம் என்பது இதனால் விளங்கும்.

ஆதலின் பயிற்சி நிலையத்தை நாடும் மலைநாட்டு மாணவன், மற்றெல்லா வினாக்களுக்கும் முன்னே, "இன்று மூழ்கிவிட்டு இன்றிரவே ஏற்காட்டுக்குத் திரும்பலாமா?" என்று கேட்பானாக. ஆகாது என்று சொல்லி, காரணத்தையும் விளக்கும் ஆசிரியரிடம் அவன் நம்பிக்கையுடன் சேரலாம்; அவருடைய அத்தாட்சியில் எந்த ஸ்தாபனத்தின் முத்திரை இருப்பினும் குறைவில்லை. தடையில்லை என்று உடனே சொல்பவரிடம், எத்துணைப் பெரிய முத்திரை இருப்பினும் சேராதிருத்தல் நலம்.