மூக்கை நம்பாதீர், அளந்து பாருங்கள்!

சட்டம் போட்டாயிற்று, ஆகவே தொல்லை தீர்ந்தது என்று கைகட்டி உட்கார்ந்திருப்பது ஆட்சிக்கு அழகல்ல, மக்களுக்கும் நன்றல்ல. மின் சிகரெட் விஷயத்தில் அந்த மெத்தனம் கூடவே கூடாது என்கிறோம்.

தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலேயே அதைத் தடை செய்தது. மறு ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, டிசம்பரில் அதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கிற்று. செய்தாலும், இறக்குமதி செய்தாலும், விற்றாலும், விளம்பரப்படுத்தினாலும் குற்றம். முதல் தடவை அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் குற்றப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். இழுப்பதும் ஊதுவதும் அதில் இல்லை! விற்பவனுக்கு விலங்கு, சரி. பக்கத்தில் அமர்ந்து பிறர் ஊதியதைச் சுவாசிக்கும் குழந்தைக்கு யார் காவல்?

“வெறும் நீராவிதானே!” என்பார் சிலர். அல்லவே அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருள்கள், பெரும்பாலும் நிக்கோடின் ஆகியவை கலந்த திரவம் கம்பிச்சுருளில் சூடேறி நுண்துளிகளாகப் பறக்கிறது. சிகரெட்டைப் போல நுனியில் கனன்று ஓயாமல் புகைவதில்லை. ஆகவே அறையில் சேர்வது குறைவு. உண்மைதான். குறைவு என்றால் இல்லை என்று பொருளா?

2014இல் வெளியான பார்சிலோனா ஆய்வு விடை கூறுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் சிகரெட் பிடிப்போர் வீடுகளில் சராசரி 0.74 மைக்ரோகிராம் நிக்கோடின். மின் சிகரெட் வீடுகளில் 0.13, இரண்டும் இல்லாத வீடுகளில் 0.02. சிகரெட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தூய வீட்டைவிட ஆறு மடங்குக்கு மேல்! பழ வாசனையில் மயங்கும் மூக்கு இதைச் சொல்லுமா? சொல்லாது. கருவிதான் சொல்லும்.

அளப்பதிலும் அறிவு வேண்டும். கட்டுமாவடியை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவர் ஊர். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கதவும் சன்னலும் சாத்தப்படும். உள்ளே ஊதியது உள்ளேயே சுற்றும். அங்கே தூசு எண்ணும் கருவியை மட்டும் கொண்டு வைத்தால் என்ன ஆகும்? கடற்காற்றின் ஈரத்தையும், மீன் வறுக்கும் புகையையும், ஊதுபத்தியையும், கொசுவத்திச் சுருளையும் சேர்த்து எண்ணி, ஒரு பாவமும் அறியாத வீட்டைக் குற்றவாளியாக்கும்!

வேறு வழி உண்டு. சோடியம் பைசல்பேட்டு தோய்த்த சிறு வடிதாளைச் சின்னஞ்சிறு பெட்டியில் வைத்து, ஒரு வாரம் சுவரில் தொங்கவிட வேண்டும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வடிதாள் பிடித்த நிக்கோடினை ஆய்வுக்கூடத்தில் வாயு நிறப்பகுப்பு முறையால் அளப்பர். பீடியின் நிக்கோடினையும் அது பிடிக்கும். எனவே பீடி, சிகரெட் நுழையாத அறையாகப் பார்த்து வைக்க வேண்டும். நிக்கோடின் இல்லாத திரவமானால் கிளைக்காலைத் தேட வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எட்டாக் கனியா? சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 436 வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து, 2002இல் உலகறிய வெளியிட்டனர். தாய்மார்கள் விறகடுப்பருகே எவ்வளவு நுண்தூசை விழுங்கினர் என்பதைக் கணக்காகக் காட்டினர். அன்று அடுப்பங்கரையில் முடிந்தது, இன்று மாணவர் விடுதியில் முடியாதா?

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்து விடுதிகளிலும் பள்ளிகளிலும் வடிதாள் தொங்கவிடும் பணியை அதனிடம் ஒப்படையுங்கள். முடிவை மக்கள் முன் வையுங்கள். வாலிபனை வளைத்துப் பிடித்து அபராதம் வாங்க அல்ல. அறையில் உள்ளோர் சுவாசிப்பது என்ன என்று அவர்களுக்கே சொல்ல! கூடவே, மூடிய பொது இடத்தில் ஊதுவதையும் சட்டத்தில் சேருங்கள்.

குடிநீரைச் சோதிக்கிறோம், பாலைச் சோதிக்கிறோம். நொடிதோறும் குழந்தை உள்ளிழுக்கும் காற்றுக்கு மட்டும் சோதனை வேண்டாமா? ஆட்சியாளர் பதில் கூறட்டும்.