ஜோன் பீல்: புதியவர்களுக்குத் திறந்த வானொலிக் கதவு

‘டீஜே’ என்று சொன்னால் இன்று நமக்கு ஞாபகம் வருவது, விழா மேடையில் ஒலிபெருக்கியை அதிர வைக்கிற பொடியன்தான். ஆனால் அந்தச் சொல் பிறந்தது வானொலியில். இசைத்தட்டைப் போட்டுவிட்டு இடையிடையே நாலு வார்த்தை பேசுகிற அறிவிப்பாளருக்கு வைத்த பெயர் அது. எந்தப் பாட்டு ஊருக்குக் கேட்க வேண்டும், எது உறைக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. அந்த அதிகாரத்தை முகந்தெரியாத இளைஞர்களுக்காகப் பாவித்தவர் பிரித்தானியாவின் ஜோன் பீல்.

1939இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1960களில் அமெரிக்க வானொலிகளில் வேலை பார்த்தார். 1967இல் ஊர் திரும்பி, கடலில் நின்ற கப்பலொன்றிலிருந்து அனுமதியில்லாமல் ஒலிபரப்பிய ‘ரேடியோ லண்டன்’ நிலையத்தில் சேர்ந்தார். அதே வருஷம் ஓகஸ்டில் வந்த சட்டம் அத்தகைய நிலையங்களை முடக்கியது. செப்டம்பர் 30ஆம் திகதி பிபிசி ‘ரேடியோ 1’ஐத் தொடங்கியபோது பீல் அங்கே போனார். சாகும்வரை, 37 வருஷம், அங்கேயே இருந்தார்.

அவரால் புதிய குழுக்களுக்கு எப்படி உதவ முடிந்தது? அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. இசைத்தட்டையே ஓட விட்டால் வாத்தியக்காரரின் பிழைப்பு போய்விடும் என்று அவர்களுடைய சங்கம் பயந்தது. ஆகவே இத்தனை மணித்தியாலந்தான் இசைத்தட்டுப் போடலாம் என்று பிபிசிக்குக் கட்டுப்பாடு இருந்தது. மிச்ச நேரத்துக்கு இசைக்கலைஞர்களைக் கலையகத்துக்கு அழைத்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்குத் தொல்லையாகத் தெரிந்த இந்த விதியை பீல் வாசலாக்கினார். ஒரு குழு வரும். பெரும்பாலும் நாலு பாட்டு. அன்றைக்கே பதிவு முடியும். ‘பீல் செஷன்ஸ்’ என்று பெயர் பெற்ற இப்பதிவுகள் நாலாயிரத்துக்கு மேல். இசைத்தட்டு ஒப்பந்தமே இல்லாத குழுக்களும் இப்படி நாடு முழுவதும் கேட்டன.

1978இல் வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பொடியன்மார் ‘தி அண்டர்டோன்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு தட்டு வெளியிட்டார்கள். ‘டீனேஜ் கிக்ஸ்’ என்ற அந்தப் பாட்டை பீல் அடுத்தடுத்து இரண்டு தரம் போட்டார். கொஞ்ச நாளில் ஓர் அமெரிக்கக் கம்பனி அவர்களை ஒப்பந்தம் செய்தது.

ஆனால் அவர் கைபட்டதெல்லாம் உடனே பொன்னாகவில்லை. ஷெஃபீல்ட் நகரத்து மாணவன் ஜார்விஸ் கொக்கர் தன் ‘பல்ப்’ குழுவின் கசெட்டை அவர் கையில் கொடுத்தான். 1981இல் செஷனும் கிடைத்தது. அந்தக் குழு பெரும் வெற்றி கண்டதோ 1995இல். வெற்றியை பீலால் கொடுக்க முடியவில்லை. ‘உன் பாட்டைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்’ என்ற தைரியத்தைத்தான் கொடுத்தார். பதினாலு வருஷம் தாக்குப்பிடிக்கிறவனுக்கு அது சின்ன விஷயமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேயர் ஏற்கெனவே விரும்பியதையே அவர் திரும்பத் திரும்பப் போடவில்லை. 1976இல் பங்க் இசையைப் போட்டபோது பழைய நேயர்கள் பலர் கோபித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆங்கிலப் பாட்டுக்குப் பக்கத்தில் ஜமேக்கா ரெகேயும் ஸிம்பாப்வே கிட்டாரும் வந்தன.

ஒரே மனிதரின் ரசனைக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருக்குப் பிடிக்காத நல்ல குழு வெளியிலேயே நின்றிருக்கவும் கூடும். ஆனாலும் இன்று அந்த வேலையைச் செய்கிற கைத்தொலைபேசி, நாம் நேற்றுக் கேட்டதை வைத்தே நாளைக்குரியதைத் தெரிவு செய்கிறது. பீல், நாம் கேளாததைக் கேட்க வைத்தார்.

2004 ஒக்டோபர் 25ஆம் திகதி, பெரு நாட்டின் குஸ்கோ நகரில், 65ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில் இருப்பது அந்த டெரிப் பொடியன்மாரின் பாட்டு வரி. மைக் கையிலிருக்கிறவர் அதை யாருக்கு நீட்டுகிறார் என்பதுதான் கடைசியில் நினைவில் நிற்கிறது.