கயிறு வேண்டாம், வயர் போதும்

ஹம் நகரின் உயென்ட்ரோப் பகுதியில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர்த் திருவிழா அன்று ஜேர்மனியின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து கார்கள் வந்து குவிகின்றன. பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிஸ் கார்களும் உண்டு. காலையிலிருந்து கதவு திறந்து, உள்விளக்கு எரிய, பாட்டும் ஓட நின்ற கார், மாலையில் சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிடுவதில் அதிசயமில்லை. ஏ.டி.ஏ.சி. என்ற ஜேர்மன் வாகன ஓட்டிகள் சங்கம் 2023இல் உதவிக்குப் போன பழுதுகளில் நூற்றுக்கு 44 பற்றரியால் வந்தவை. அந்த நேரத்தில் நம்மவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். ஒருவர் வயர் கொண்டுவருவார், இன்னொருவர் இழுத்துப்போகக் கயிறு கொண்டுவருவார். வயரை வாங்குங்கள், கயிற்றை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு காரின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணுவது எவரும் பழகக்கூடிய வேலை. இரண்டு காரும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று முட்டக் கூடாது. சிவப்பு வயரின் ஒரு முனை செத்த பற்றரியின் பிளஸில், மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸில். கறுப்பு வயர் முதலில் நல்ல பற்றரியின் மைனஸில். கடைசி முனையில்தான் பலர் தவறுகிறார்கள். அது செத்த பற்றரியின் மைனஸுக்குப் போகக் கூடாது. அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில், பற்றரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். ஈயப் பற்றரியிலிருந்தோ ஹைட்ரஜன் கசியும். இரண்டும் சந்தித்தால் பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கலாம். "எத்தனையோ தரம் மைனஸிலேயே மாட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆகாமல் போனது காற்றோட்டத்தின் தயவு. கையின் திறமை அல்ல. பிறகு நல்ல காரின் எஞ்சினை ஓடவிட்டு, சில நிமிடம் பொறுத்து, செத்த காரை ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் முறுக்காமல் ஸ்டார்ட் பண்ணலாம். கழற்றுவது மாட்டிய வரிசைக்குத் தலைகீழ். உறைந்த, வீங்கிய, ஒழுகும் பற்றரியைத் தொடவே வேண்டாம். மின்சாரக் காரிடம் கரண்ட் கேட்பதும் வேண்டாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதை அனுமதிப்பதில்லை.

கயிற்றின் கதை வேறு. நம் ஊர்த் தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்கும். நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் பொறுப்பு. இழுபடும் காருக்கு அந்த முட்டுக்கட்டை பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டியும்கொள்ளும். சட்டப்படி இரு கார்களுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். முன்னே போகிறவர் பிரேக் பிடித்தால் பின்னே இருப்பவருக்குக் கிடைப்பது அரை விநாடிகூட இல்லை. பல ஓட்டோமட்டிக் கார்களின் கியர்பெட்டி எஞ்சின் ஓடாமல் இழுபட்டால் எண்ணெய் ஏறாமல் கெடும். இதற்கெல்லாம் மேலாக, வெளியே பழுதான காரை ஓட்டோபான் என்ற அதிவேகச் சாலைக்குள் இழுத்துப்போகவே கூடாது. உள்ளே பழுதானதை அடுத்த வெளிவாசலிலேயே இறக்கிவிட வேண்டும். கோயிலடியில் நின்ற காரை ஏ2 ஓட்டோபான் வழியாக டோர்ட்முண்டுக்கு இழுத்துப்போவது உதவியல்ல, விதிமீறல்.

கயிற்றை விட்டு இழுவை லொறியைக் கூப்பிட்டால் யார் காசு கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. பல காப்புறுதிகளில் ஷுட்ஸ்பிரீஃப் என்ற வழித்துணைக் காப்பைச் சிறு தொகைக்குச் சேர்க்கலாம். ஏற்கெனவே சேர்ந்திருந்தும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊரில் கயிறு கட்டித்தானே இழுத்தோம் என்பவருக்கு ஒன்று: அந்த ஒழுங்கையில் பின்னால் வந்தது மாட்டுவண்டி, இங்கே வருவது மணிக்கு 80 கிலோமீட்டரில் லொறி. ஓட்டோபானில் கார் நின்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, மஞ்சள் மேலங்கியை மாட்டி, பட்டுச்சேலையோ வேட்டியோ பாராமல் எல்லோரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் ஏறுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 100 மீட்டர் பின்னால், தடுப்புக்கு அப்பாலேயே நடந்து போய் வையுங்கள். ஓரத்து வெள்ளைக் கம்பங்களின் தலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கமாக நடந்தால் செம்மஞ்சள் நிற உதவித் தொலைபேசி வரும். ஜேர்மன் மொழி தடுமாறினாலும் பரவாயில்லை, நீங்கள் நிற்கும் இடம் அந்த அழைப்பிலேயே மறுமுனையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.