நாற்காலி மட்டும் போதுமா?

பணியிடத்தில் பன்முகத்தன்மை, சமநீதி, அரவணைப்பு என்னும் மூன்று சொற்களும் இன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றின் பொருளை எமது வங்கித் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விழைகிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 விழுக்காடாக இருந்த அரசுப்பணி இடஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது; 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவாக்கியது. பொதுத்துறை வங்கிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. பார்வை மாற்றுத்திறனாளிகள் தேர்வு எழுதும்போது உதவி எழுத்தரை அமர்த்திக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஆக, வாயில் திறந்திருக்கிறது. இது பன்முகத்தன்மை.

உள்ளே வந்தவருக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதே அடுத்த வினா. கையால் எழுதிய பேரேடுகளின் காலத்தில், பார்வையற்ற ஊழியர்களுக்குப் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பகமே இடமாயிற்று. கணக்குகள் கணினிக்கு மாறியபின், திரையின் எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பு மென்பொருள்கள் அந்தத் தடையைத் தளர்த்தின. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. இதன் துணையுடன் கடன் விண்ணப்பத்தை ஆராயலாம், கணக்கைச் சரிபார்க்கலாம், கடிதம் வரையலாம்.

ஆனால், அலுவலக மென்பொருளின் பொத்தான்களுக்குப் பெயர் இடப்படாவிட்டாலோ, ஆவணங்கள் வெறும் நிழற்படங்களாக அனுப்பப்பட்டாலோ அந்தக் குரல் ஊமையாகிவிடும். "அவருக்கு எதற்குச் சிரமம்?" என்ற இரக்கமும் அதே விளைவையே தருகிறது. மாதந்தோறும் ஊதியம் வரும், பணியனுபவம் சேராது. பதவி உயர்வின்போது அந்த வெற்றிடமே அவருக்கு எதிராக நிற்கும்.

அனைவருக்கும் ஒரே கருவியைத் தருவது சமநீதி ஆகாது. ஒரே வேலையைச் செய்ய அவரவருக்கு வேண்டிய கருவியைத் தருவதே சமநீதி. அரசு நிறுவனங்கள் இத்தகைய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது மேற்கண்ட சட்டம். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் அது விதிக்கிறது.

இந்த அக்கறை வாடிக்கையாளர்களையும் எட்டுகிறது. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் பேசும் வசதியும் பிரெய்ல் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. சக்கர நாற்காலிக்கென அமைத்த சாய்தளத்தில் முதியோரும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும் ஏறி வருகின்றனர்.

அரவணைப்பு என்பது அன்றாட நடத்தையில் விளங்குவது. இங்கே வாடிக்கையாளர்களுக்கும் பங்குண்டு. காதில் ஒலிபெருக்கி அணிந்து பணிபுரியும் அலுவலரைக் கண்டால் பக்கத்து வரிசைக்கு மாற வேண்டாம். பெயரைச் சொல்லி, கையில் உள்ள படிவம் எது என்று தெரிவியுங்கள். அருகிலிருப்பவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள்.

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. அதை எழுதுமுன், தம்மிடம் பணிபுரியும் மாற்றுத்திறனாளியை அழைத்து, "உமது வேலையை முழுமையாகச் செய்ய எது தேவை?" என்று கேட்டறிவது நன்று. பல நேரங்களில் விடை, செலவில்லாத ஒரு மென்பொருளாகவோ இடம் மாற்றிய ஒரு மேசையாகவோ இருக்கக்கூடும்.