மயக்க மருந்து கொடுக்கும் இளம் டாக்டருக்கு அருகில் யார்?

ஆபரேஷனுக்குப் போகும் நோயாளி, கத்தி பிடிக்கும் டாக்டரின் பெயரை விசாரித்து வைத்துக்கொள்கிறார். மயக்க மருந்து கொடுப்பவரின் பெயரை அநேகமாகக் கேட்பதில்லை. ஆனால் மேஜையில் கிடக்கும் நேரம் முழுவதும் அவருடைய மூச்சு அந்த டாக்டரின் பொறுப்பு.

இவ்விஷயத்தில் ஐதராபாத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. இன்றைய உஸ்மானியா ஆஸ்பத்திரிக்கு முன்னோடி அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் எட்வர்ட் லாரியின் முயற்சியால் 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோபாரம் கமிஷன்கள் அமைந்தன. செலவு நிஜாம் சர்க்காருடையது. இரண்டாவது கமிஷனுக்கு லண்டனிலிருந்து டாக்டர் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். அக்காலத்தில் இங்கே மருத்துவம் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகில் மயக்க மருந்துத் துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர்.

மாணவர்களுக்கு லாரி வைத்த கட்டளை இதுதான்: மருந்து கொடுப்பவர் மூச்சை மட்டுமே கவனிக்க வேண்டும், நாடி கூட வேண்டாம். நாடி விஷயத்தில் லாரி தவறினார். குளோரோபாரம் இருதயத்தையே நேராக நிறுத்திவிடக்கூடும் என்று 1911-ல் லெவி என்பவர் காட்டினார். ஆனால் கவனம் சிதறக் கூடாது என்ற பாடம் அப்படியே நிற்கிறது.

விடிய விடியக் கண் விழித்தவருக்கு அந்தக் கவனம் எங்கிருந்து வரும்? எம்.டி. படிப்பு மூன்று ஆண்டு. இரவில் விபத்து கேஸ் வரும். அது முடியுமுன் பிரசவ ஆபரேஷனுக்கு அழைப்பு வரும். ரயில் என்ஜின் டிரைவருக்குக் கூட ஓய்வுக் கணக்கு உண்டு!

பயிற்சி டாக்டருக்கும் காகிதத்தில் உண்டு. வாரம் 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேல் சாதாரணமாகக் கூடாது என்று மத்திய சர்க்கார் 1992-ல் உத்தரவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு சொன்ன உச்சவரம்பு 74 மணி. 32 ஆண்டில் எண் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை!

மணிக்கணக்கு மட்டும் போதாது. நியூயார்க்கில் 1984-ல் 18 வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இறந்தாள். பார்த்தவர்கள் பயிற்சி டாக்டர்கள். பெரிய டாக்டர் போனில் மட்டுமே பேசினார். 1989-ல் அங்கே வாரம் 80 மணி என்று விதி வந்தபோது, மேற்பார்வைக்கு மூத்த டாக்டர் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது.

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனாயிருந்தால் மயக்க மருந்து டாக்டர் முன்னதாகவே நோயாளியைப் பார்த்து, பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா என்றெல்லாம் கேட்பார். தியேட்டரில் உடனிருக்கும் மூத்த டாக்டர் யார் என்று வீட்டார் அப்போதே அவரிடம் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.